பாறசாலை எல்லையில் இரண்டு சித்திரை

சூரியன் ஒன்று. அது மேஷ ராசியில் புகும் வேளையும் ஒன்று. அப்படியிருக்க, சித்திரை பிறப்பு மட்டும் எப்படி இரண்டு நாளில் வரும்? திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வசிக்கும் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2022ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் களியக்காவிளைக்குத் தெற்கே ஏப்ரல் 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. அங்கிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள பாறசாலையில் ஏப்ரல் 15ஆம் தேதி விஷு. 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இரண்டும் ஏப்ரல் 14ஆம் தேதி ஒன்றாகவே வந்தன. 2026ல் மறுபடி பிரிவு. புத்தாண்டு 14, விஷு 15.

மாமியார் வீடு விளவங்கோட்டில், வேலை நெய்யாற்றின்கரையில், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பாறசாலையில் என்று மூன்று இடத்தில் கால் வைத்து வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு இது வெறும் பஞ்சாங்க விவகாரமல்ல. எந்த நாளில் கனி வைப்பது, எந்த நாளுக்கு லீவு எழுதுவது, ஊருக்கு எந்தப் பஸ்ஸைப் பிடிப்பது என்ற வீட்டு விவகாரம்.

விளை என்று முடியும் ஊர்கள்

தேசிய நெடுஞ்சாலையில் நாகர்கோவிலிலிருந்து வடக்கே வரும் பஸ் மார்த்தாண்டம், குழித்துறை தாண்டிக் களியக்காவிளையில் நிற்கும். அடுத்து இஞ்சிவிளை, அது கேரளம். பிறகு பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று பாதை திருவனந்தபுரம் சேர்கிறது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஊர்ப் பெயர்கள் 'விளை' என்றே முடிவதைக் கவனிக்கலாம். தென்னையும் பனையும் மரச்சீனியும் வாழையும் நிற்கும் மேட்டு நிலத்துக்கு இந்த வட்டாரத்தில் விளை என்று பெயர். கோடு கிழித்தவர்கள் நிலத்தைப் பிரித்தார்கள். சொல்லைப் பிரிக்க முடியவில்லை.

1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இது முழுவதும் ஒரே ராஜ்யம். திருவிதாங்கூரின் பழைய தலைநகரம் பத்மநாபபுரம். இன்று அது கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்பொருள் துறை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்காவும் வேண்டும் என்ற கோரிக்கை இருந்தது. அங்கே மலையாளம் பேசுவோரே பெரும்பான்மை என்பதால் அது கேரளத்தோடு நின்றது.

நின்றவர்கள் நின்றார்கள், பிறகு வந்தவர்களும் உண்டு. கடைச் சிப்பந்திகள், கட்டட வேலைக்காரர்கள், காய்கறி வியாபாரிகள், ஆபீஸ் குமாஸ்தாக்கள் என்று பிழைப்புக்காக வடக்கே வந்து இந்த வழியோர ஊர்களில் குடியேறியவர்கள் பலர். 1979ல் திருவனந்தபுரம் – நாகர்கோவில் – கன்னியாகுமரி இரயில் பாதை திறந்த பிறகு, பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் ரயில் ஏறித் தினமும் வேலைக்குப் போய்த் திரும்புவது எளிதாயிற்று. அவர்கள் எல்லோரும் சித்திரையைத் தங்களோடு கொண்டு வந்தார்கள். இங்கே ஏற்கெனவே மேடம் இருந்தது.

பதினெட்டு நாழிகைக் கணக்கு

இரண்டு நாள் ஏன் என்பதற்கு விடை எளியது. சூரியன் மேஷத்தில் புகும் நேரத்துக்குச் சங்கிராந்தி என்று பெயர், மலையாளத்தில் சங்கிரமம். அது பகலிலும் வரும், இரவிலும் வரும். அப்படியானால் மாதத்தின் முதல் தேதி எது?

தமிழ்நாட்டு வழக்கத்தில், சூரிய அஸ்தமனத்துக்கு முன் சங்கிராந்தி நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு; அஸ்தமனத்துக்குப் பின் என்றால் மறுநாள். மலையாள வழக்கத்தில் எல்லை அஸ்தமனம் அல்ல. உதயத்திலிருந்து பதினெட்டு நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். எனவே நண்பகல் கழிந்து ஒன்று, ஒன்றரை மணி அளவில் அந்த எல்லை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சங்கிரமம் வந்தால் மேடம் மறுநாள்தான் பிறக்கும்.

2023ல் நடந்தது இதுவே. சங்கிராந்தி ஏப்ரல் 14 பிற்பகலில் வந்தது. அஸ்தமனத்துக்கு முன் என்பதால் தமிழருக்கு அன்றே சித்திரை ஒன்று. பதினெட்டு நாழிகை கடந்துவிட்டதால் மலையாளிக்கு மறுநாள் மேடம் ஒன்று.

2022ல் வேறொரு காரணம். அந்த ஆண்டு சங்கிராந்தி காலையில், சூரியன் உதித்த பிறகு வந்தது. ஆகவே மேடம் ஒன்றும் 14ஆம் தேதியே பிறந்துவிட்டது. ஆனால் விஷுக்கணி என்பது சங்கிரமத்துக்குப் பின் வரும் முதல் விடியலில் காண வேண்டியது. அந்த விடியல் 15ஆம் தேதிதான். ஆகவே விஷு மேடம் இரண்டாம் தேதிக்குப் போயிற்று.

சூரியன் ஒரு முறை ராசி மண்டலத்தைச் சுற்றி வர ஏறக்குறைய 365 நாளும் 6 மணி 9 நிமிடமும் ஆகின்றன. ஆகவே சங்கிராந்தி ஆண்டுதோறும் ஆறு மணி நேரம் தள்ளிப் போகிறது. லீப் வருஷத்தில் பிப்ரவரி 29 வந்து அதைப் பின்னுக்கு இழுக்கிறது. அதனால்தான் நான்கு வருஷச் சுழற்சியில் இரண்டு வருஷம் ஒற்றுமை, இரண்டு வருஷம் வேற்றுமை. 2018, 2019ல் விஷு 15ஆம் தேதி. 2020, 2021ல் 14ஆம் தேதி. 2022, 2023ல் மறுபடி 15. 2024, 2025ல் 14. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், "அவர்கள் தப்பான நாளில் கொண்டாடுகிறார்கள்" என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டுமே சரியான கணக்கு; எல்லைக் கல் மட்டும் வேறு வேறு வேளையில் நடப்பட்டிருக்கிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. விஷு என்ற சொல் 'விஷுவம்' என்பதிலிருந்து வந்தது. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள் என்பது பொருள். உண்மையில் அந்தச் சமநாள் மார்ச் 20, 21 தேதிகளில் வந்து போய்விடுகிறது. சூரியனின் சமநாள் புள்ளி நட்சத்திரங்களுக்கிடையே மெல்ல நகர்வதால், ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடி, இப்போது 24 நாள் வித்தியாசம் ஆகிவிட்டது. மேகநாத் சாகா தலைமையிலான பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு இதை ஆராய்ந்தது. 1957 மார்ச் 22ல் இந்திய அரசு ஏற்ற தேசியப் பஞ்சாங்கம் சமநாளை ஒட்டியே ஆண்டைத் தொடங்குகிறது. அரசாங்கக் கடிதங்களில் அந்தத் தேதி இருக்கிறது. அடுப்படிக்கு அது வந்து சேரவில்லை.

புத்தாண்டா, விஷுவா?

தமிழருக்குச் சித்திரை ஒன்று வருஷப் பிறப்பு. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்களில் ஒன்று அன்று தொடங்கும். 2023ல் பிறந்தது சோபகிருது, 2024ல் குரோதி, 2025ல் விசுவாவசு. மலையாளிகளுக்கு மேடம் ஒன்று ஆண்டுப் பிறப்பு அல்ல. கி.பி. 825ல் தொடங்கிய கொல்லம் ஆண்டு சிங்கம் ஒன்றாம் தேதி, அதாவது நமது ஆவணி முதல் நாள், மாறுகிறது. ஆகவே விஷு என்பது எண் மாறாத புத்தாண்டு. விதைப்புக்கும் பலனுக்குமான புத்தாண்டு.

கொல்லம் ஆண்டு மலையாளிக்கு மட்டும் உரியதுமல்ல. திருநெல்வேலிச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் பழைய பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் கொல்லம் ஆண்டுக் கணக்கைக் காணலாம். அதே போல விஷுவும் எல்லையோடு நின்றுவிடவில்லை. பாபநாசத்திலும் குற்றாலத்திலும் சித்திரை விசுத் திருவிழா பெரிய விசேஷம். பாபநாசத்தில் அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் கோலம் காட்டியதாக ஐதிகம். தாமிரபரணியில் தீர்த்தமாடக் கூட்டம் கூடும். நெல்லை, தென்காசி, குமரி மாவட்டத்து வீடுகளில் சித்திரை முதல் நாள் கனி காண்பது தலைமுறை வழக்கம். பாறசாலைக்கு வந்த தென்பாண்டித் தமிழருக்கு, அண்டை வீட்டு விஷு அந்நியமாகத் தோன்றாததற்கு இதுவே காரணம். சேலத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வந்தவருக்குத்தான் அது புதுக் காட்சி.

சித்திரையா தையா என்ற கேள்வியும் தமிழ்நாட்டில் எழுந்ததுண்டு. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008ல் சட்டம் வந்தது. 2011ல் அது நீக்கப்பட்டுச் சித்திரை முதல் நாள் திரும்பியது. எல்லைக்கு வடக்கே இருந்த தமிழர்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. அண்டை வீட்டில் கொன்றை பூத்தால் இவர்கள் வீட்டில் மாவிலைத் தோரணம் ஏறிவிடும்.

கணியும் கனியும்

மலையாளத்தில் 'கணி' என்றால் முதலில் கண்ணில் படும் காட்சி. காண் என்ற வேரிலிருந்து வந்த சொல். தமிழர் காதில் அது 'கனி' என்று விழுந்தது. தட்டில் மா, பலா, வாழை என்று கனிகளும் இருக்கவே, பொருளும் பொருந்திவிட்டது. 'கணி காணல்' என்று ஒரு வீடும் 'கனி காணுதல்' என்று அடுத்த வீடும் சொன்னாலும், விடியற்காலை நடப்பது ஒன்றுதான்.

முதல் நாள் இரவே வீட்டுப் பெரியவள் உருளியை விளக்கி வைப்பாள். அதில் அரிசி, அதன்மேல் பொன்னிறக் கணிவெள்ளரி, மாங்காய், பலா, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, இரண்டாக உடைத்த தேங்காய், ஓர் ஏடு அல்லது புத்தகம், கசவுக் கரை போட்ட புது வேஷ்டி, நகை, நாணயம், முகம் பார்க்கும் கண்ணாடி. பக்கத்தில் கிருஷ்ணன் உருவமும் குத்துவிளக்கும். எல்லாவற்றுக்கும் மேலே கொன்றைப் பூங்கொத்து. விடியலுக்கு முன் அவள் எழுந்து, தான் முதலில் விளக்கேற்றிக் கண்டு, பிறகு ஒவ்வொருவராக எழுப்புவாள்.

"கண்ணைத் திறக்காதே மக்களே, கையைப் பிடிச்சுக்கிட்டு வா" என்று பாட்டி அழைத்துப் போக, "திறக்கட்டுமா பாட்டி?" என்று பேரப்பிள்ளை நடுவழியில் கேட்பது எந்த மொழி பேசும் வீட்டிலும் உண்டு. மாடு இருக்கும் வீடுகளில் தட்டைத் தொழுவத்துக்கும் கொண்டுபோய்க் காட்டுவார்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்டால், நிறைவின் நடுவே தன் முகத்தையும் பார்க்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள்.

கேரளப் பட்டியலில் இல்லாத சில பொருள்களைத் தமிழ் வீடுகள் சேர்த்துக்கொள்கின்றன. வேப்பம்பூக் கொத்து வைப்பவர்கள் உண்டு. புதுப் பஞ்சாங்கம் வைப்பவர்கள் உண்டு. கடை வைத்திருப்பவர் புதுக் கணக்குப் புத்தகத்தையும், குமாஸ்தா தன் பேனாவையும் ஓரமாக வைப்பதைக் காணலாம்.

கொன்றை ஒன்று, தெய்வம் இரண்டு

சரக்கொன்றை கேரளத்தின் மாநிலப் பூ. தாய்லாந்து நாட்டுக்கும் அதுவே தேசியப் பூ. கேரளத்தில் அது கண்ணனுக்கு உரியது; தமிழில் கொன்றை என்றாலே சிவனுடைய சடைதான் நினைவுக்கு வரும். அவ்வையின் 'கொன்றை வேந்தன்' பெயரை அறியாத தமிழ்க் குழந்தை இராது. பாறசாலையில் பெரிய கோயில் மகாதேவருடையது. நெய்யாற்றின்கரையில் வெண்ணெய் ஏந்திய கண்ணனுடையது. பகைவருக்கு ஒளிந்து மார்த்தாண்ட வர்மா உயிர் தப்பியதாகச் சொல்லப்படும் பழைய 'அம்மச்சிப் பிலாவு' அந்தக் கண்ணன் கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. ஆகவே இந்தப் பத்து மைல் வட்டாரத்தில் ஒரே மரத்துப் பூ இரண்டு சந்நிதிக்கும் போகிறது. யாருக்கும் வருத்தம் இல்லை.

சில ஆண்டுகளாகக் கொன்றை மாசி, பங்குனியிலேயே பூத்து, விஷு வருவதற்குள் உதிர்ந்துவிடுவதும் உண்டு. வெயிலின் போக்கு மாறியிருப்பதே காரணம் என்கிறார்கள். சந்தையில் பூங்கொத்தின் விலை ஏறுகிறது. பிளாஸ்டிக் கொன்றையும் விற்பனைக்கு வந்துவிட்டது. தெற்கே தோவாளைப் பூச்சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ போவதும், தமிழ்நாட்டுக் காய்கறி சாலைக் கடைத்தெருவுக்குப் போவதும் ஆண்டு முழுவதும் நடக்கும் வியாபாரம். விஷுச் சமயத்தில் லாரிகள் கூடுதல். சரக்கு சேவை வரி 2017 ஜூலையில் வந்தபோது எல்லையில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அதுவரை பண்டிகைக் காலத்தில் வரிசையில் நின்ற லாரிகளின் கதையை இங்குள்ள டிரைவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

மாதத்தின் நடுவில் வரும் கைநீட்டம்

கணி கண்டதும் கைநீட்டம். வீட்டில் மூத்தவர் இளையவர் கையில் காசு வைத்துக் கொடுப்பது. வாங்குகிறவர் காலில் விழுந்து கும்பிடுவார். குமரி மாவட்டத்திலும் பாலக்காட்டுத் தமிழ் வீடுகளிலும் இதே பெயர். இலங்கைத் தமிழர்கள் சித்திரைப் புத்தாண்டில் கொடுப்பதற்குக் 'கைவிசேஷம்' என்று பெயர். அங்கே மருத்துநீர் வைத்து நீராடி, சுபவேளை பார்த்துக் கைவிசேஷம் வாங்குவார்கள்.

சம்பளம் முதல் தேதி. பண்டிகை பதினான்காம் தேதி. மாதச் சம்பளக்காரருக்கு இதைவிடச் சங்கடமான தேதி கிடையாது. வாடகையும் மளிகைப் பாக்கியும் போய், பள்ளிக்கூடம் திறக்கும் செலவு கண்ணுக்குத் தெரியும் வேளையில் புதுத்துணி வேறு. அதிலும் இரண்டு நாள் பண்டிகை என்றால் இரண்டு சமையல், இரண்டு கைநீட்டம். ஆனால் பழைய முறையில் கைநீட்டம் என்பது தொகை அல்ல. வருஷம் முழுவதும் கை நிறைய வேண்டும் என்ற வாழ்த்துக்கு ஒரு நாணயம் போதும். ஒரு ரூபாய் நாணயத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தாலும் கைநீட்டம்தான். நோட்டைக் கவரில் போட்டு, "போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு" என்று எண்ணத் தொடங்கிய பிறகுதான் அது பாரமாகிறது. செல்போனில் பணம் அனுப்புகிறவர்களும் இப்போது உண்டு. தூரத்திலிருக்கும் பேரனுக்கு அது வசதிதான். ஆனால் கையைப் பிடித்து வைத்துக் கொடுக்கும் பழக்கம் அதில் இல்லை.

கொடுப்பதில் இன்னொரு முறையும் உண்டு. வீட்டு வேலைக்கு வருகிறவர், பால்காரர், பேப்பர் போடும் பையன் ஆகியோருக்கும் அன்று காசு கொடுப்பார்கள். பிழைக்க வந்த இடத்தில், ஒரு நாளாவது கொடுக்கும் கையாக இருப்பது பலருக்கும் மனநிறைவு தருகிறது.

ஆறு சுவையும் ஓர் உழவும்

தமிழ் வீட்டில் அன்றைய முக்கியப் பண்டம் மாங்காய்ப் பச்சடி. மாங்காயின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, வேப்பம்பூவின் கசப்பு, மிளகாயின் காரம், உப்பு, துவர்ப்பு என்று வருஷம் தரப்போகும் எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு வாய் சுவைத்துவிடுவது. சில வீடுகளில் வேப்பம்பூ ரசமும் உண்டு. மலையாளி வீட்டில் இலை போட்டு விஷுச் சத்யை. எல்லையோர வீடுகளில் அவியலும் பச்சடியும் ஒரே இலையில் விழுகின்றன. தேதி வேறுபடும் வருஷங்களில் பச்சடிக் கிண்ணம் ஒரு நாள் வேலி தாண்டிப் போகும். மறுநாள் பாயசக் கிண்ணம் திரும்பி வரும்.

மாலையில் கோயிலில் பஞ்சாங்கம் படிப்பது தமிழ் வழக்கம். மழை எத்தனை மரக்கால், எந்தத் தானியம் விளையும், யாருக்கு வரவு, யாருக்குச் செலவு என்று கேட்டுவிட்டுப் போவார்கள். மலையாளத்தில் இதற்கு விஷுபலம். விவசாயிக்கு இது பொழுதுபோக்கல்ல. தென் தமிழ்நாட்டில் சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுவார்கள். கேரளத்தில் விஷுவன்று முதல் சால் உழுவார்கள். இரண்டும் இடவப்பாதி மழைக்கு, அதாவது வைகாசி நடுவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு, நிலத்தைத் தயார் செய்யும் வேலை. இந்தக் காலத்தில் கூவும் ஒரு குயில் இனப் பறவைக்கு மலையாளிகள் விஷுப்பட்சி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் குரல் விதையையும் மண்வெட்டியையும் எடுக்கச் சொல்வதாக அவர்கள் காதில் விழுகிறது. வயல் குறைந்து ரப்பரும் கட்டடங்களும் பெருகிய இடங்களிலும் அந்தப் பெயர் மட்டும் மறையவில்லை.

கணித்தட்டில் தமிழன் தறி

உருளியில் மடித்து வைக்கும் கசவு வேஷ்டி எங்கே நெய்யப்படுகிறது? அதன் கதையும் ஒரு குடிபெயர்ச்சிக் கதைதான். நெய்யாற்றின்கரைத் தாலுக்காவிலேயே உள்ளது பாலராமபுரம். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித் தம்பி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார். அரச குடும்பத்துக்கு மெல்லிய துணி நெய்ய வந்தவர்கள் அவர்கள். இருநூறு ஆண்டு கடந்தும் அந்தச் சாலியர் தெருக்களில் தமிழ் கேட்கிறது.

தரையில் பள்ளம் தோண்டி அமைத்த குழித்தறி. தெருவில் பாவை நீளமாக விரித்துக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் காயவைத்து, பிறகு தறியில் ஏற்றுவார்கள். வெள்ளை நூலின் ஓரத்தில் சூரத்திலிருந்து வரும் ஜரிகை ஓடும். 2009ல் பாலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு கூலியாக மாறுவது அத்தனை எளிதாக இல்லை. விசைத்தறியில் நெய்த துணி கைத்தறி என்ற பெயரில் மலிவாக விற்கப்படுகிறது. ஒரு நல்ல வேஷ்டிக்குச் செலவாகும் நாளையும் கிடைக்கும் கூலியையும் கணக்குப் பார்க்கும் இளைஞன், திருவனந்தபுரத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறான். தறிக்குழியில் இறங்குகிறவர்களில் வயதானவர்களே அதிகம்.

ஓணமும் விஷுவும்தான் இவர்களுக்கு விற்பனைக் காலம். மலையாளி வீட்டுக் கணித்தட்டில் அந்த வேஷ்டி இருக்கும் வரை, தமிழ் நெசவாளியின் அடுப்பும் எரியும். அண்டை வீட்டாரின் பண்டிகை நமக்கென்ன என்று யாரும் இங்கே சொல்ல முடியாது.

எல்லை அடைந்த சித்திரை

இந்தப் பகுதியினர் மறக்காத சித்திரை 2020ல் வந்தது. கொரோனா நோய்க்காக மார்ச் 25ல் நாடு முழுவதும் தொடங்கிய ஊரடங்கு ஏப்ரல் 14ஆம் தேதி முடியும் என்று அறிவித்திருந்தார்கள். அன்றுதான் புத்தாண்டு, அன்றுதான் விஷு. ஒன்றாக வந்த வருஷம். ஆனால் அன்று காலை ஊரடங்கு மே 3 வரை நீண்டதாக அறிவிப்பு வந்தது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே தடுப்பு. தினமும் நாலு முறை தாண்டிய பாதையை அன்று தாண்ட முடியவில்லை. தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கணித்தட்டைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். நாள் ஒன்றான வருஷத்தில் ஊர் இரண்டாயிற்று.

ஆனால் நவராத்திரிக்கு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இதே சாலையில் ஊர்வலமாக எல்லை தாண்டி, நெய்யாற்றின்கரைக் கண்ணன் கோயிலில் ஓர் இரவு தங்கித் திருவனந்தபுரம் போகிறார்கள். இரு மாநில அதிகாரிகளும் மரியாதை செய்து ஒப்படைத்து ஏற்கிறார்கள். 1956க்குப் பிறகும் அந்தப் பழைய வழி மாறவில்லை.

எந்த நாளைக் கொள்வது?

ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள். அன்று கேரளத்திலும் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. விஷு 15ஆம் தேதி வரும் ஆண்டில் கேரளத்தில் அதற்கும் விடுமுறை உண்டு. ஆகவே நெய்யாற்றின்கரை அரசு ஆபீசில் வேலை பார்க்கும் தமிழருக்கு இரண்டு நாளும் கிடைக்கும். களியக்காவிளைக்குத் தெற்கே வேலை பார்த்துப் பாறசாலையில் குடியிருப்பவருக்கு 15ஆம் தேதி வேலை நாள். தனியார் கடைச் சிப்பந்திக்கோ இரண்டு நாளும் வியாபாரம் மும்முரம். அவருக்கு விடியற்காலை ஒரு மணி நேரம்தான் சொந்தம்.

இதற்கு ஊரார் கண்ட வழி நடைமுறைக்கு ஒத்தது. முதல் நாள் தமிழ்க் கணக்கில் கனி கண்டு, பச்சடி செய்து, அந்தத் தட்டைக் கலைக்காமல் வைத்துவிடுவது. மறுநாள் கொன்றையை மட்டும் புதிதாக மாற்றி, விளக்கேற்றி மறுபடி காண்பது. ஒரு செலவில் இரண்டு கணி. பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் கைநீட்டம். கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் இவை. 2022ல் விஷுவும் பெரிய வெள்ளியும் ஒரே நாளில் வந்தன. ஒரு வீட்டில் உபவாசம், அடுத்த வீட்டில் சத்யை. பாயசத்தை மறுநாளைக்கு எடுத்து வைத்துக் கொடுத்தார்கள்.

கவலை நாளைப் பற்றியதல்ல; பிள்ளைகளைப் பற்றியது. மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளை விஷுவைப் பாடத்தில் படிக்கிறது. சித்திரையை வீட்டில் மட்டுமே கேட்கிறது. வீட்டில் சொல்லாவிட்டால் அறுபது வருஷப் பெயரும், பச்சடியின் பொருளும், கனி வைத்த பாட்டியின் ஊரும் ஒரு தலைமுறையில் போய்விடும். அதற்காக விஷுவைத் தள்ள வேண்டியதில்லை. பஞ்சாபில் வைசாகி, அஸ்ஸாமில் பிஹு, வங்காளத்தில் பைசாக், துளு நாட்டில் பிசு, இலங்கையில் சிங்களவருக்கும் தமிழருக்கும் சேர்ந்த புத்தாண்டு, தாய்லாந்தில் சோங்க்ரான், பர்மாவில் திங்யான் என்று இதே சில நாள்களில் எத்தனையோ மக்கள் ஆண்டைத் தொடங்குகிறார்கள். ஏப்ரல் 14, 15 என்று அங்கேயும் ஒரு நாள் முன்பின் உண்டு. இத்தனை பேருக்கும் சூரியன் ஒன்றுதான் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், தன் வீட்டுச் சித்திரையையும் அது விடாது. அடுத்த வீட்டு விஷுவையும் வெறுக்காது.

2027ஆம் ஆண்டுக் காலண்டர் வந்ததும் பாறசாலைத் தமிழர் முதலில் புரட்டப் போவது ஏப்ரல் பக்கம்தான். நான்கு வருஷச் சுழற்சிப்படி புத்தாண்டு 14ஆம் தேதியும், விஷு மறுநாளும் வர வேண்டும். லீவு எழுதுகிறவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளலாம். கைநீட்டத்துக்கு வேண்டிய சில்லறையைச் சம்பள நாளன்றே தனியே எடுத்து வைப்பதும் நல்லது.